ஆண்கள் துவைப்பார்கள் என்று எழுதினோம்

எங்கள் ஊரில் யார் எந்தக் கம்பெனிக்குப் போகிறார்கள் என்பதைக் கொடியில் காயும் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நீலச் சட்டை பம்பு செய்யும் கம்பெனி, சாம்பல் சட்டை லேத் கம்பெனி, வெள்ளையில் பச்சைக் காலர் வைத்தது மாத்திரை கம்பெனி. ஓசூரிலிருந்து சானமாவு காட்டைத் தாண்டி வந்தால் எங்கள் ஊர். பாதிப் பேருக்கு ரோஜா, பீன்ஸ், தக்காளி. மீதிப் பேருக்கு ஷிஃப்ட்.

என் கணவருக்கு ஜூஜுவாடியில் ஒரு லேத் கம்பெனியில் வேலை. இரும்பைக் கடையும்போது சூடு தணிவதற்காக மேலே கூலண்ட் என்று ஓர் எண்ணெய்த் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். பார்ப்பதற்குப் பால்போல இருக்கும். நாற்றம் மட்டும் கெட்டுப்போன பாலும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. அந்தச் சட்டையை வீட்டு மிஷினில் போட்டால் அடுத்த ஈட்டில் போடுகிற பள்ளிக்கூடச் சீருடைக்கும் அதே வாசம் வந்துவிடும். ஆகவே ஊரில் மிஷின் இருக்கிற வீட்டிலும் யூனிஃபார்மைக் கல்லில்தான் அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவுக்கு வருகிறவர்களுக்கு ஏதோ கல்யாணத்துக்கு மேளம் கொட்டுகிறார்கள் என்று தோன்றும்.

நானும் கம்பெனிக்குப் போகிறவள்தான். தரம் பார்க்கும் பிரிவு. வருகிற உருப்படியைக் கேஜ் என்கிற அளவுக் கருவியில் வைத்துப் பார்த்து ஓகே, நாட் ஓகே என்று சொல்வது என் வேலை. ஆறு நாள் நாட் ஓகே சொல்லிவிட்டு ஏழாம் நாள் கல்லோடு மல்லுக்கட்டுவேன்.

மகளிர் குழுக் கூட்டத்தில் ஒருநாள் எங்கள் தலைவிதான் இந்தப் பேச்சை எடுத்தார். ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறவர். வீட்டில் தெலுங்கு, கூட்டத்தில் தமிழ், பூ வாங்க வரும் கர்நாடக வியாபாரியோடு கன்னடம், கோபம் வந்தால் மூன்றும். அவர் மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் ஸ்வீட் பாக்கெட் ஒன்றும் அழுக்குத் துணி மூட்டை இரண்டும் கொண்டுவருவான்.

"ஏம்மே, நம்ம டிவி ரூம் சும்மாத்தானே கெடக்குது? அதுல பெரிய மிஷினா நாலு வாங்கிப் போட்டா இன்னா? கம்பெனித் துணி மட்டும் அங்க. வீட்டுத் துணி வீட்டுல" என்றார்.

டிவி ரூம் என்பது ஊருக்கே ஒரு டிவி இருந்த காலத்தில் கட்டிய அறை. வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் பூட்டிவிட்டார்கள். யோசனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. மிஷினுக்குப் பணம் எங்கே என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அது எனக்குத் தெரிந்திருந்தது என் துரதிர்ஷ்டம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனி, ஊர் நன்மைக்கென்று ஓர் அறக்கட்டளை வைத்திருந்தது. குழுக்கள் விண்ணப்பம் போடலாம் என்று எங்கள் கம்பெனி கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதைச் சொன்ன வாய் மூடுவதற்குள் தலைவி என்னைக் காட்டிவிட்டார்.

"நீதான் எழுதணும். உனக்குத்தான் இங்கிலீஷ் வரும்."

"அக்கா, எனக்கு வர்ற இங்கிலீஷ் ஓகே, நாட் ஓகே, ரிஜெக்ட். அவ்வளவுதான்."

"அது போதும்மே. அவங்களும் அதைத்தானே நமக்குச் சொல்லப்போறாங்க?"

அவர் மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் உட்கார்ந்தோம். விண்ணப்பத்தின் முதல் கேள்வியே உங்கள் திட்டம் எந்தத் துறை என்பது. கல்வி, மரம், நீர், உடல்நலம், பெண்கள் முன்னேற்றம் என்று ஐந்து கட்டங்கள். துவைப்பது எதிலும் இல்லை. நீர் என்பதைத் தட்டினேன். துவைத்த தண்ணீரை வடிகட்டித் தோட்டத்துக்கு விடுவோம் என்று எழுதலாமே என்றேன்.

தலைவி எட்டிப் பார்த்தார். "யாரு தோட்டத்துக்கு?"

"உங்க தோட்டம்தான் அக்கா பக்கத்துல இருக்குது."

"கூலண்ட் தண்ணியில ரோஜா வளர்ந்தா அதை மாலை கட்டி எவன் கழுத்துல போடறது? அழிம்மே அதை!"

அழித்தேன். பெண்கள் முன்னேற்றத்துக்கு வந்து சேர்ந்தோம்.

அடுத்து, பிரச்சினையின் மூலகாரணத்தை விளக்குக என்று ஒரு கேள்வி. இதில் எனக்குப் பயிற்சி உண்டு. ஓர் உருப்படி கெட்டுப்போனால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும், ஐந்தாவது பதிலில் மூலகாரணம் நிற்கும் என்று கம்பெனியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உற்சாகமாக ஆரம்பித்தேன். பெண்கள் ஏன் களைத்துப்போகிறார்கள்? துணி துவைப்பதால். துவைப்பது ஏன் கடினம்? துணியில் எண்ணெய் இருப்பதால். எண்ணெய் ஏன் வருகிறது? மிஷினில் கூலண்ட் ஒழுகுவதால். ஏன் ஒழுகுகிறது? பராமரிப்பு நேரத்துக்கு நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை? உற்பத்தி குறையக் கூடாது என்று கம்பெனி மிஷினை நிறுத்த விடுவதில்லை.

எழுதி முடித்துத் தலைவிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா நாம பணம் கேக்கறதே ஒரு கம்பெனிகிட்டதானே? எல்லாத்துக்கும் நீங்கதான் காரணம்னு சொல்லிட்டுக் கையை நீட்டினா குடுப்பாங்களா?"

இரண்டாவது ஏனோடு நிறுத்திக்கொண்டோம்.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. இத்திட்டத்தால் ஆண் பெண் சமத்துவம் எவ்வாறு வளரும்? பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதாவது பதில் எழுதாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நான் 'எஸ்' என்று எழுதினேன். போதாது என்று கட்டம் சிவந்தது. 'எஸ், நன்றாக வளரும்' என்று எழுதினேன். அப்போதும் சிவந்தது. இருட்டுகிற நேரம், வீட்டில் உலை வைக்க வேண்டும். தலைவி காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாக்கா எழுதறது?"

"இன்னா எழுதினா விடும் அது?"

"தெரியலையே. ஆம்பளைங்க அவங்கவங்க யூனிஃபார்மை அவங்களே தொவைப்பாங்கன்னு எழுதட்டுமா?"

தலைவி சிரித்த சிரிப்பில் காபி லேப்டாப் மேல் சிந்தியது. துடைத்துவிட்டு, "எழுதும்மே, எழுது! எவன் வந்து பாக்கப்போறான்!" என்றார். ஒவ்வோர் ஆணும் தன் வேலைச் சீருடையைத் தானே துவைப்பார், முறை வைத்து அட்டவணை போடப்படும் என்று என் கேன்டீன் இங்கிலீஷில் நீட்டி எழுதினேன். கட்டம் பச்சையானது. அனுப்பிவிட்டு மறந்தே போனேன்.

சில வாரங்கள் கழித்து, ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அறக்கட்டளையிலிருந்து போன். பேசிய அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"மேடம், ஒங்க விண்ணப்பத்தைக் கமிட்டில எல்லாரும் பாராட்டுதாங்க. எத்தனையோ ஊர்ல இருந்து வருது, யாரும் இப்படி எழுதினதே இல்ல. அந்த ஆம்பளையாளுவளை நான் நேர்ல பாக்கணும். ஞாயித்துக்கிழமை காலைல வாரேன்."

"எந்த ஆம்பளைங்க சார்?"

"தொவைக்கப்போறவங்கதான் மேடம்!"

அன்று சாயங்காலம் கணவருக்கு டீயில் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"என் பேரையும் எழுதிட்டியா?"

"பேரெல்லாம் எழுதல. ஆம்பளைங்கன்னு பொதுவாத்தான் எழுதினேன்."

"ஆம்பளைங்கன்னா அதுல நானும்தானே வர்றேன்?"

என் பிறந்த ஊரான கல்லாவிப் பக்கத்திலிருந்து பெண் எடுக்க வேண்டாம், வாய் நீளம் என்று அப்போதே அவருடைய சித்தப்பா சொன்னாராம். அதை அன்றைக்கும் ஒருமுறை நினைவூட்டினார்.

டிவி ரூம் வாசலில் கூட்டம் போட்டோம். ஆண்கள் தரப்பில் பேசியவர் ஓய்வு பெற்ற ஒரு சூப்பர்வைசர். எல்லோருக்கும் அவர் மாமா. வேலையை விட்டு வந்த பிறகும் ஷூ போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போவார்.

"எனக்குக் கீழ எத்தனை பேரு வேலை செஞ்சாங்கன்னு தெரியுமா? நான் போயி நடுத்தெருவுல சட்டைக்கு சோப்புப் போடறதா?"

"மாமா, உங்களுக்குத்தான் யூனிஃபார்மே இல்லையே. நீங்க எதுக்குத் தொவைக்கணும்?" என்றேன்.

"நான் கொள்கையைப் பேசறேன்மா!"

தலைவி எழுந்து நின்றார். "ஒரு நாளு. ஒரே ஒரு நாளு அந்த சார் முன்னாடி தொவைங்க. மிஷினு வந்துட்டா அப்பறம் எவன் தொவைச்சா இன்னா, எல்லாம் மிஷினுதானே தொவைக்கப்போவுது? இல்ல, வேணாம்னா சொல்லுங்க. நாளையிலிருந்து கம்பெனித் துணிய நாங்க யாரும் தொட மாட்டோம்." கடைசி வாக்கியத்தைத் தெலுங்கிலும் ஒருமுறை சொன்னார், யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை காலை குழாயடித் தொட்டியைச் சுற்றி ஆண்கள் வரிசையாக லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதிகாரி கிளம்பிவிட்டதாகப் போன் வந்ததும் தலைவி கையைக் காட்டினார். துவைக்க ஆரம்பித்தார்கள்.

என் கணவர் பவுடரை அளவில்லாமல் கொட்டியதில் நுரை பொங்கி அவர் முழங்காலை மறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்கிறாரா, சமாதானப்படுத்துகிறாரா என்று தெரியாத அளவுக்கு மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் மாமா வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். ஐந்து நிமிடம்கூடப் பொறுக்க முடியவில்லை அவருக்கு.

"டே, அலசறவனும் பிழியறவனும் ஒரே எடத்துல நின்னா எப்பிடிடா வேலை நடக்கும்? ஊறவைக்கறது அந்தப் பக்கம், அடிக்கறது நடுவுல, அலசறது இங்க! நகரு, நகரு!"

தொட்டியடி ஒரு கம்பெனி லைன் மாதிரி ஆகிவிட்டது. துணி கைமாறிக் கைமாறிக் கொடிக்குப் போனது. அப்போது என் போன் அடித்தது.

"மேடம், சானமாவு கிட்ட வண்டியெல்லாம் நிப்பாட்டிட்டாங்க. யானைக் கூட்டத்தை அந்தப் பக்கம் வெரட்டுதாங்களாம். எப்பம் விடுவாங்கன்னு தெரியல. நீங்க பாட்டுக்கு நடத்துங்க, நான் வந்துருதேன்."

இதைச் சொன்னதும் ஆண்கள் முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்போ நிறுத்திடலாமா?"

"அவரு வர்ற நேரத்துக்கு நீங்க சும்மா ஒக்காந்துகினு இருந்தா?" என்றார் தலைவி. "யானை எப்போ நகரும்னு யாருக்குத் தெரியும்? திடீர்னு வந்து நிப்பாரு."

தொடர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஊரிலிருந்த அத்தனை யூனிஃபார்மும் கொடியில் தொங்கியது. துவைக்கத் துணி இல்லை. அதிகாரி இன்னும் காட்டுக்கு அந்தப் பக்கம்.

முதலில் ஒரு பெண் தலையணை உறைகளைக் கொண்டுவந்தாள். "சும்மா கையில வெச்சுகினு இருங்க" என்று மரியாதையாகச் சொன்னாள். அடுத்தவள் போர்வை கொண்டுவந்தாள். அப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஜன்னல் திரை, பூஜை அறைத் துணி, வேண்டாம் என்று பரணில் போட்ட கம்பளி, டிராக்டர் சீட் உறை எல்லாம் வந்தன. தலைவி மகனின் பெங்களூர் மூட்டை இரண்டும் சத்தமில்லாமல் வந்து ஊறவைக்கிற இடத்தில் சேர்ந்தன. மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டும் சாமியானாத் துணியைக் கொண்டுவந்தபோதுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

"இது எவன் போட்டுகினு கம்பெனிக்குப் போறான்?"

"கேள்வி கேக்காத, லைன் நிக்குது!" என்று கத்தினார் சூப்பர்வைசர் மாமா. அவர் எப்போது ஷூவைக் கழற்றினார் என்பதை யாரும் பார்க்கவில்லை. அந்தச் சாமியானாவின் ஒரு முனையை அவர்தான் முறுக்கிக்கொண்டிருந்தார்.

அதிகாரி வந்தபோது உச்சி வெயில். வண்டியிலிருந்து இறங்கியவர் அப்படியே நின்றார். கொடி போதாமல் வேலி, மாட்டுக் கொட்டகைக் கூரை, கோயில் சுற்றுச்சுவர், நிறுத்தியிருந்த டெம்போ, எல்லாவற்றின் மேலும் துணி. ஊரே ஈரமாக இருந்தது. நடுவே ஆண்கள் கை விரல் வெளுத்துச் சுருங்கி, பேசத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"தினமும் இம்புட்டா?" என்றார் அதிகாரி.

தலைவி அவர் கையில் ஒரு டம்ளர் மோரைத் திணித்தார். அவர் சூப்பர்வைசர் மாமாவிடம் போய்ப் பணிவாக, "அண்ணாச்சி, நீங்களுமா?" என்றார். எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். மாமாவுக்குச் சுருக்கென்றது. "நான் கடையெல்லாம் வைக்கல சார். சூப்பர்வைசர்" என்றார் விறைப்பாக.

அதிகாரி அடுத்து என் கணவரிடம் வந்தார். வழக்கமாகத் துவைப்போம் என்று சொல்லும்படி முந்தின நாளே சொல்லிவைத்திருந்தேன்.

"அண்ணே, வீட்டுல எவ்வளவு நாளா நீங்க தொவைக்கீங்க?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். காலையிலிருந்து சாமியானா வரை துவைத்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெம்பு மிச்சமில்லை போலிருக்கிறது.

"இன்னைக்குத்தான் சார் மொதல்ல. எங்க கல்யாணத்துக்கு அப்பறம் ஒரு கர்ச்சீப்புகூட நான் தொவைச்சதில்ல. இங்க இருக்கற ஒருத்தரும் தொவைச்சதில்ல."

தலைவி தெலுங்கில் ராமரைக் கூப்பிட்டார். நான் தரையைப் பார்த்தேன். எல்லாம் போயிற்று, நாட் ஓகே, ரிஜெக்ட் என்று நினைத்தேன்.

அதிகாரி பையிலிருந்து பேனாவை எடுத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "ரொம்ப நல்லதாப் போச்சு! அப்போ ஆரம்ப நிலை பூஜ்யம். மத்த ஊருலயெல்லாம் ஏற்கெனவே எல்லாம் நல்லாத்தான் நடக்குன்னு சொல்லிருதாங்க. பொறவு முன்னேத்தத்தை நான் எங்க இருந்து காட்ட? இங்க ஒரு சட்டையைத் தொவைச்சாலே முன்னேத்தம்தான்."

பணம் கிடைத்தது. நான்கு மிஷின் கேட்டோம், இரண்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். கூடவே ஓர் ஒப்பந்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆண்கள் முறைப்படி துவைப்பதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒரே ஆள் திரும்பத் திரும்பப் படத்தில் வரக் கூடாது. அதைப் படித்துக் காட்டியபோது தலைவி காட்டிய முகத்தில், ஒரே நாளு என்று தான் சொன்னதன் நிழல்கூட இல்லை.

டிவி ரூமுக்கு வெள்ளையடித்து மிஷின்களை இறக்கினோம். சூப்பர்வைசர் மாமா யாரும் கேட்காமலே பொறுப்பேற்றார். செய்முறையைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டினார். முதல் வரி, பாக்கெட்டைப் பார் என்பது. பார்க்காமல் போட்ட ஒருவருடைய பேனா உடைந்து, ஓர் ஈடு சாம்பல் சட்டை முழுவதும் நீலமாகிவிட்டது. திங்கட்கிழமை லேத் கம்பெனி வாசலில் காவல்காரர், பம்பு கம்பெனி ஆட்களுக்கு இங்கே என்ன வேலை என்று ஐந்து பேரை வெளியிலேயே நிறுத்திவைத்தாராம். அந்த ஐந்து பேரில் என் கணவரும் ஒருவர். பேனா அவருடையது.

நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மிஷின் சுற்றுகிற நேரத்தில் ஆண்களுக்குப் போக இடமில்லை, அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். மாமா ஒரு பெஞ்சு போட்டார். எவன் வீட்டில் எந்தச் சோப்புக்குக் கறை போகிறது, காலருக்கு முன்னால் என்ன தடவ வேண்டும் என்றெல்லாம் எங்களுக்கே பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். ஒருநாள் தலைவி அந்தப் பக்கம் போனபோது, அவர் சேலையைப் பார்த்து மாமா, "இதைத் தனியா ஊறவைக்கணும்மா, சாயம் போவும்" என்றாராம். தலைவி அன்று முழுவதும் மூன்று மொழியிலும் பேசிக்கொண்டிருந்தார்.

அட்டவணை ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை என் கணவர் விடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் எழுந்தேன். செய்ய ஒன்றும் தோன்றவில்லை. சும்மா ஒரு நிமிடம் சாயலாம் என்று மறுபடி படுத்தேன். நெற்றியில் யாரோ கை வைப்பது தெரிந்து கண்ணைத் திறந்தேன். ஜன்னலில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. மாமியார் கவலையோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"காச்சலா இன்னா? இவ்வளவு நேரம் படுத்துகினு கீறியே?"

"இல்ல அத்தை. தூங்கினேன்."

அவர் நம்பவில்லை. சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். நான் அதையும் படுத்துக்கொண்டே குடித்தேன்.